நடுரோட்டில் ஏறியவர்கள்

கெப்பாலா பத்தாஸில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நான் தனியாக நடந்தால் ஏழு நிமிடம். அம்மாவோடு நடந்தால் இருபது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரைத் தீவிலுள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். முழங்கால் தேய்மானம். காடியில் போகலாம்தான். ஆனால் பாலத்து நெரிசலில் உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தலை சுற்றும். பஸ், ஃபெரி, மறுபடி பஸ் என்று போவதுதான் இஷ்டம். "கடல் காத்து வாங்கிட்டுப் போகலாம்டா" என்பார். சின்ன வயதில் அவர் போன வழி அது.

அன்றைக்கு பஸ் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. பஸ் ஒதுங்கி நிற்பதற்காகச் சாலையோரத்தை உள்ளே வளைத்துக் கட்டியிருக்கும் இடத்தில் இரண்டு காடிகளும் ஒரு நாசி லெமாக் வேனும் நின்றுகொண்டிருந்தன. ஓட்டுநர் என்ன செய்வார், பாவம். வண்டிகள் ஓடும் தடத்திலேயே நிறுத்திக் கதவைத் திறந்தார். அம்மா நடைபாதையிலிருந்து இறங்கி, இரண்டு காடிகளுக்கு நடுவே நுழைந்து, தார் ரோட்டில் நின்றபடி காலைத் தூக்க வேண்டியிருந்தது. இடதுபக்கச் சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனது. "பெலான் பெலான், மச்சிக்" என்றார் ஓட்டுநர். முதல் தடவை அம்மாவின் கால் படிக்கு எட்டவில்லை. இரண்டாவது தடவை நான் பின்னாலிருந்து தாங்கித் தூக்கினேன். பஸ்ஸுக்குள் இருந்த எல்லோரும் பார்க்காததுபோல் இருந்தார்கள். அந்த நாகரிகம் அம்மாவை இன்னும் கூசச் செய்தது.

உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு சொன்னார்: "எங்கப்பா காலத்துல டிராமுக்கு இப்படித்தான் நடுரோட்டுக்கு ஓடுவாங்களாம். நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஓடுன கம்பி வண்டி அப்படி இல்லடா. ஓரமா வந்து நிக்கும்."

பினாங்கு வரலாற்றில் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் உண்டு. எந்த ஆண்டில் எந்த வண்டி ஓடியது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் அந்த வண்டிகளுக்காகக் காத்திருந்தவர்கள் எங்கே நின்றார்கள், எங்கே காலெடுத்து வைத்து ஏறினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நாம் எழுதுவது வண்டிகளின் வரலாற்றைத்தான். ஏறும் இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அம்மாவின் முழங்கால்தான் எனக்குச் சொன்னது.

*

பினாங்குத் தீவில் டிராம் வண்டிக்காகத் தண்டவாளம் பதித்தது 1880களில். முதலில் நீராவியால் ஓடியது. குதிரை இழுத்த டிராமும் இருந்தது. 1904இல் ஜார்ஜ் டவுனுக்கு மின்சாரம் வந்தது. அதை உற்பத்தி செய்து விற்றதும் நகராட்சிதான். கையில் மின்சாரம் இருந்ததால் டிராமையும் அதிலேயே ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். 1905–06 வாக்கில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. துறைமுகத்தின் வெல்ட் கீ பக்கமிருந்து நகரத்தைக் கடந்து ஆயர் ஈத்தாம் வரை போனது அதன் முதன்மையான தடம். ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி பௌத்தக் கோயில் அப்போது எழும்பிக்கொண்டிருந்தது. 1923இல் பினாங்கு மலை ரயில் ஓட ஆரம்பித்ததும் மலைக்குப் போகும் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

இந்த ஆண்டுகளைத் தனியாகப் பார்க்காமல் வங்காள விரிகுடாவின் மற்றத் துறைமுகங்களோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சென்னையில் மின்சார டிராம் 1895. கொழும்பில் 1899. சிங்கப்பூரில் 1905. அதாவது தமிழர்கள் கூலிகளாகவும் வணிகர்களாகவும் ஏறி இறங்கிய துறைமுக நகரங்கள் எல்லாம் ஏறத்தாழ பத்துப் பதினொரு ஆண்டுகளுக்குள் டிராம் நகரங்களாகிவிட்டன. சென்னையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஒருவர், புறப்பட்ட கரையிலும் வந்து சேர்ந்த கரையிலும் தலைக்கு மேல் கம்பியையும் காலடியில் தண்டவாளத்தையும் பார்த்திருப்பார். ஊர் மாறினாலும் அது மாறவில்லை.

இன்னொன்றும் மாறவில்லை. எல்லா ஊரிலும் டிராம் ரோட்டின் நடுப்பக்கமாகத்தான் ஓடியது. அதற்குக் காரணம் இருந்தது. சாலையோரம் ஏற்கெனவே மற்றவர்களுக்குச் சொந்தம். கடை வாசலில் மூட்டை இறக்கும் மாட்டு வண்டி, சவாரிக்குக் காத்திருக்கும் ரிக்‌ஷா, நடுவே திறந்த சாக்கடை. தண்டவாளத்தை ஓரமாகப் போட்டால் ஒவ்வொரு கடை வாசலிலும் டிராம் நின்றுவிடும். அதனால் நடுவில் போட்டார்கள். டிராமால் விலகி ஓரத்துக்கு வர முடியாது. ஆகவே மனிதர்கள் ஓரத்தை விட்டு நடுவுக்குப் போனார்கள். சேலை கட்டிய பெண், கூடை சுமந்தவர், குழந்தையைத் தூக்கியவர் எல்லோரும் ஓடும் வண்டிகளுக்கு இடையே நடந்து போய்த்தான் ஏற வேண்டும். இறங்கும்போதும் அதே நடுரோட்டில்தான். மாட்டு வண்டியின் வேகத்தில் ஊர் நகர்ந்த காலத்தில் இது பெரிய ஆபத்தில்லை. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக அந்தப் பத்தடி தூரம் நீளமானதாகிவிட்டது.

*

1920களில் மோட்டார் பஸ் வந்தது. சிங்கப்பூரில் 'கொசு பஸ்' என்று அழைக்கப்பட்ட சின்னச் சின்னத் தனியார் பஸ்கள் டிராமுக்கு முன்னால் புகுந்து அதன் பயணிகளை அள்ளிக்கொண்டு போயின. டிராமுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே சாலை, ஒரே பயணி. ஆனால் பஸ்ஸுக்கு இருந்த ஒரு வசதி டிராமுக்கு இல்லை. கை காட்டியவர் எங்கே நிற்கிறாரோ அங்கே பஸ் போய் நின்றுவிடும்.

ஜார்ஜ் டவுன் நகராட்சியும் சிங்கப்பூர் டிராம் நிறுவனமும் இதற்குக் கண்டுபிடித்த பதில் ஒன்றே. டிராலி பஸ். மேலே மின்கம்பி, கீழே ரப்பர் சக்கரம். பினாங்கில் 1920களின் நடுவில் அது ஓடத் தொடங்கியது. மின்சாரம் ஏற்கெனவே நகராட்சியின் கையில் இருந்தது. தேய்ந்த தண்டவாளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போடும் செலவும் மிச்சம். சிங்கப்பூரில் டிராம் 1927இல் நின்றது. ஜார்ஜ் டவுனில் 1936இல் நின்றது. தண்டவாளங்களில் பெரும்பகுதி தாருக்கு அடியில் போயிற்று. பினாங்கு சாலையும் சூலியா வீதியும் சந்திக்கும் இடத்தில் அதன் ஒரு துண்டு பார்வைக்காக விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டிப் போகிறவர்களில் பெரும்பாலோர் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

டிராலி பஸ்ஸின் கூரையில் இரண்டு நீளமான கொம்புகள் இருக்கும். அவை மேலேயுள்ள இரண்டு கம்பிகளைத் தொட்டு மின்சாரத்தை இறக்கும். கொம்பு திரும்பக்கூடியது. ஆகவே கம்பிக்கு நேர் கீழே ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய நான்கு மீட்டர் விலகலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது ஒரு சின்ன விஷயம். நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கோ இதுதான் பெரிய விஷயம். நான்கு மீட்டர் விலக முடிந்தால் ஓரத்துக்கு வந்து நிற்க முடியும்.

அம்மா பிறந்தது 1950இல். ஆயர் ஈத்தாமில் அவருடைய பெரியம்மா வீடு இருந்தது. பள்ளி விடுமுறைக்குத் தாத்தா இங்கிருந்து பஸ்ஸில் பட்டர்வொர்த்துக்கும், அங்கிருந்து ஃபெரியில் தீவுக்கும் கூட்டிப்போவார். பிறகு 'கம்பி வண்டி'. அம்மாவுக்கு அந்தப் பயணத்தில் பிடித்த இடம், திருப்பத்தில் கொம்பு கம்பியைவிட்டுக் கழன்றுகொள்ளும் தருணம். வண்டி நின்றுவிடும். ஒருவர் இறங்கி, நீளமான மூங்கில் கழியால் கொம்பைப் பிடித்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே மறுபடி கம்பியில் மாட்டுவார். "தூண்டில்ல மீனு மாட்டுற மாதிரி இருக்கும்டா. ஒருதடவைல மாட்டிட்டா நாங்கல்லாம் கை தட்டுவோம்." தாத்தாவோ அந்த வண்டியைப் பற்றி வேறொன்றைத்தான் சொல்வாராம். டிராம் ஓடிய காலத்தில் ஏறுவதற்குள் சட்டையெல்லாம் சேறாகிவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை என்று.

1961இல் டிராலி பஸ்ஸும் நின்றது. அதன் இடத்துக்கு டீசல் பஸ் வந்தது. கம்பி அறுந்தால் நிற்காது, எந்தத் தெருவுக்கும் போகும். அது முன்னேற்றம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தவறும் இல்லை.

*

பழைய ஜார்ஜ் டவுனின் படங்களையும் அஞ்சலட்டைகளையும் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி வரும். நிறுத்தம் எங்கே? நான் பார்த்தவற்றில் கூரை போட்ட நிறுத்தம் ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. இந்த வெயிலிலும் மழையிலும் மனிதர்கள் எங்கேதான் காத்திருந்தார்கள்?

பதில் அதே படங்களில் இருக்கிறது. கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாகப் போகும் ஐந்தடி நடை. மலாயில் காக்கி லீமா. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இது விதியாகவே எழுதப்பட்டது; பின்னர் நீரிணைக் குடியேற்ற நகரங்கள் எல்லாவற்றிலும் பரவியது. கடைக்காரர் தன் நிலத்தில் ஐந்தடியைப் பொதுமக்களுக்கு விட வேண்டும், மேலே தன் கூரையையும் நீட்டிக் கொடுக்க வேண்டும். இதற்காகச் சண்டைகளும் நடந்திருக்கின்றன. 1888இல் சிங்கப்பூரில் அந்த நடையிலிருந்து கடைப் பொருள்களை அப்புறப்படுத்த அதிகாரிகள் முயன்றபோது கலவரமே வெடித்தது.

ஆக, ஜார்ஜ் டவுனின் தெருவில் காத்திருக்கும் இடம் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. தனியாக ஒரு நிறுத்தம் கட்ட வேண்டிய தேவை குறைவு. ஐந்தடி நடையின் நிழலில் நின்றுகொண்டு வண்டி வருவதைப் பார்க்கலாம். டிராம் காலத்தில் அந்த நிழலைவிட்டு நடுரோட்டுக்கு ஓட வேண்டும். டிராலி பஸ் காலத்தில் நிழலுக்குப் பக்கத்திலேயே வண்டி வந்து நின்றது. பினாங்கில் வண்டியும் நிற்பவரும் மிக நெருக்கமாக இருந்த காலம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கெப்பாலா பத்தாஸில் அப்படியொரு நடை பழைய கடை வரிசையைத் தாண்டினால் கிடையாது. மலாயில் கெப்பாலா என்றால் தலை. பத்தாஸ் என்றால் வரப்பு, எல்லை. வயல்களுக்கு நடுவே பெருஞ்சாலையை ஒட்டி வளர்ந்த ஊர் இது. சாலை அகலமானது, வண்டிகள் வேகமானவை. ஓரத்தில் ஆழமான லோங்காங். அதன் மேல் ஒரு சிமென்ட் பலகை, அதன்மேல் நாலு கால் நட்ட கூரை. அதுதான் நிறுத்தம். அதற்கு முன்னால்தான் அந்த உள்வளைவு.

அந்த உள்வளைவைப் பற்றி யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. பார்ப்பதற்கு அது பஸ்ஸுக்குச் செய்த மரியாதைபோல் இருக்கும். உண்மையில் அது பின்னால் வரும் காடிகளுக்குச் செய்த வசதி. பஸ் தடத்தைவிட்டு விலகிக்கொண்டால் மற்றவர்கள் நிற்காமல் போகலாம். விலகிய பஸ் மறுபடி தடத்துக்குள் நுழைய யாராவது இடம்விட வேண்டும், யாரும் விடுவதில்லை. வளைவு காலியாக இருந்தால் யாராவது காடியை நிறுத்திவிடுகிறார்கள். 'அஞ்சு நிமிஷம்தான்' என்பது நம் எல்லோருடைய வசனம், என்னுடையதும்கூட. கடைசியில் ஓட்டுநர் தடத்திலேயே நிற்கிறார், அம்மா ரோட்டில் இறங்கி நடக்கிறார். டீசல் பஸ்ஸுக்கு ஓரத்துக்கு வரும் சுதந்திரம் இருந்தும், 1906இல் டிராமுக்காக நடுரோட்டுக்கு ஓடியவர்களின் நிலைமைக்கே நாம் திரும்பி வந்திருக்கிறோம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் முப்பது வருடம் தையல் தைத்தவர். "அளவு எடுக்காம பேசாதே" என்று அங்குல நாடாவை எடுத்துக் கொடுத்தார். எடுத்தேன். ரோட்டிலிருந்து பஸ்ஸின் படி பதினாலு அங்குலம். ரோட்டிலிருந்து நடைபாதை விளிம்பு ஆறு அங்குலம். ஆக, பஸ் விளிம்பை ஒட்டி நின்றால் அம்மா ஏற வேண்டியது எட்டு அங்குலம்தான். எங்கள் வீட்டு வாசற்படி ஏழு. அதை அவர் தினமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யார் உதவியும் இல்லாமல் ஏறுகிறார். அவரால் முடியாததாக இருந்தது மீதி ஆறு அங்குலம். தாழ்தள பஸ் வாங்க எவ்வளவு செலவழித்தாலும், அது விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றுவிட்டால் அந்தத் தாழ்தளத்துக்கு அர்த்தமே இல்லை.

*

பினாங்கில் டிராம் முழுக்க மறக்கப்பட்ட விஷயமல்ல. 2013இல் மாநில அரசு ஏற்றுக்கொண்ட போக்குவரத்துப் பெருந்திட்டத்தில் நவீன டிராமும் தனித்தடப் பஸ்ஸும் இருந்தன. பின்னால் வந்த மாற்றுத் திட்டம் உயரத்தில் ஓடும் இலகு ரயிலை முன்வைத்தது. 2016 வாக்கில் பெரிய விவாதம் நடந்தது. தரையில் ஓடும் டிராம் மலிவு, சீக்கிரம் முடியும், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரத்தின் முகத்தைக் கெடுக்காது என்று பினாங்கு ஃபோரம் போன்ற மக்கள் அமைப்புகள் வாதிட்டன. குறுகிய சாலையில் காடிகளின் இடத்தை டிராம் பிடித்துக்கொள்ளும் என்பது எதிர்வாதம். நான் அப்போது டிராம் கட்சி. பழைய படங்களின் மயக்கம் என்றும் சொல்லலாம்.

இப்போது யோசித்தால், அந்த விவாதத்தில் நாங்கள் வண்டியைப் பற்றித்தான் பேசினோம். டிராமா, ரயிலா, எவ்வளவு கோடி, எத்தனை ஆண்டு. நிறுத்தத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. பேசியிருந்தால் டிராம் எவ்வளவு சிக்கலான விருந்தாளி என்று தெரிந்திருக்கும்.

முப்பது மீட்டர் நீள டிராமும் பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸும் ஒரே தடத்தில் ஓடி ஒரே நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாலைக்கு நடுவே ஒற்றை மேடை கட்டி இரண்டு திசை டிராமும் அதன் இரு பக்கத்தில் நிற்பதுதான் சிக்கனம். டிராமுக்கு இரண்டு பக்கமும் கதவு வைக்கலாம். நம் பஸ்ஸுக்கு இடதுபக்கம் மட்டும்தான் கதவு. அந்த மேடை அதற்கு உதவாது. சரி, இடதுபக்கம் மேடை கட்டலாம். டிராமுக்குள் தள்ளுநாற்காலி நேராக உருள வேண்டுமானால் மேடை சுமார் முப்பது சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் சில பஸ்களின் கதவு வெளியே திறக்கும்போது மேடையில் இடிக்கும். டிராமைத் தண்டவாளம் மேடையோடு ஒட்டி நிறுத்திவிடும். பஸ்ஸை ஒட்டி நிறுத்துவது ஓட்டுநரின் கையில். பஸ்ஸில் ஒருவர் சில்லறை தேடினால் பின்னால் நூற்றுக்கணக்கானவரோடு டிராம் நிற்கும், அதால் சுற்றிப் போக முடியாது. எடின்பரோவில் 2014 முதல் பிரின்சஸ் வீதியில் டிராமும் பஸ்ஸும் ஒரே வீதியைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆனால் நிற்கும் இடங்கள் தனித்தனி. அங்கே தண்டவாளப் பள்ளத்தில் சக்கரம் மாட்டி விழுந்த சைக்கிள்காரர்கள் பலர். மழை பெய்த பினாங்கு ரோட்டையும் நம் மோட்டார் சைக்கிள் கூட்டத்தையும் நினைத்துப் பாருங்கள்.

ஆனாலும் டிராம் நகரங்களிடமிருந்து கற்க ஒன்று உண்டு. மெல்பர்னில் மேடை இல்லாத பழைய நிறுத்தங்களில் டிராம் கதவைத் திறந்தால் பின்னால் வரும் காடிகள் நின்றாக வேண்டும், அது சட்டம். மனிதர் நடுரோட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், அந்த நேரத்துக்கு ரோடு மனிதருடையது. புதிய நிறுத்தங்களில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். டிராமால் ஓரத்துக்கு வர முடியாது, மனிதரை நடுவுக்கு ஓடவைக்கக் கூடாது. ஆகவே சில இடங்களில் நடைபாதையையே டிராம் வரை நீட்டிவிட்டார்கள்.

மனிதர் வண்டியிடம் ஓடியது தாத்தாவின் காலம். வண்டி மனிதரிடம் வந்தது அம்மாவின் சின்ன வயது. நடைபாதை வண்டியிடம் போவது மூன்றாவது வழி. அதற்கு டிராம் தேவையே இல்லை. பஸ்ஸுக்கும் செய்யலாம். அந்த உள்வளைவை நிரப்பி, நடைபாதையைத் தடத்தின் விளிம்பு வரை கொண்டுவந்தால் போதும். காடி நிறுத்த இடம் இருக்காது. பஸ் விலகவும் வேண்டாம், மறுபடி நுழையக் கெஞ்சவும் வேண்டாம். பின்னால் வரும் காடிகள் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த அரை நிமிடத்தை யார் யாருக்குக் கொடுப்பது என்பதுதான் இருநூறு பக்கத் திட்ட அறிக்கைகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி.

*

இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று பார்த்தபோதுதான் வரலாறு மறுபடி குறுக்கே வந்தது.

டிராமும் டிராலி பஸ்ஸும் ஓடிய ஜார்ஜ் டவுனில் சாலை நகராட்சியுடையது, மின்சாரம் நகராட்சியுடையது, வண்டியும் நகராட்சியுடையது. தொடக்கத்தில் அது காலனிய அதிகாரிகளும் செல்வந்தர்களும் நடத்திய மன்றம். கூலிக்காரர் போய் முறையிடும் இடமாக இருந்திருக்காது. ஆனால் 1951இல் ஜார்ஜ் டவுனில் தேர்தல் நடந்தது. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் அது. 1957இல் மாநகராயிற்று. அந்த ஐம்பதுகளின் பிற்பகுதியில் மேயராக இருந்தவர் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன், இன்றும் நகரத்தில் ஒரு சாலை அவர் பெயரில் இருக்கிறது. அம்மா கம்பி வண்டியில் கை தட்டிக்கொண்டு போன ஆண்டுகள் அவைதான். வண்டி தள்ளி நின்றால் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரிந்த சின்ன இடைவெளி அது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976இல் வந்த சட்டம் அந்த நிறுத்தத்தை நிரந்தரமாக்கியது. நகர மன்றத்தின் பஸ்கள் பிறகு மறைந்தன. தனியார் பஸ்களும் மினி பஸ்களும் போட்டி போட்டன. 2007இல் ரேப்பிட் பினாங்கு வந்து சேவைகள் ஒரு ஒழுங்குக்கு வந்தன.

நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: எங்கள் நிறுத்தத்தில் சாலை ஒருவருடையது, கூரை இன்னொருவருடையது, பஸ் மூன்றாமவருடையது, வளைவில் நிற்கும் காடிக்குச் சம்மன் எழுத வேண்டியவர் நான்காமவர். எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். எல்லோரும் இன்னொருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். அம்மா ஏற வேண்டிய அந்த ஆறு அங்குலம் இந்த நால்வருக்கும் நடுவே கிடக்கிறது.

2025 ஜனவரியில் முத்தியாரா இலகு ரயில் தடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தீவின் தெற்கே கடலை நிரப்பி உருவாகும் நிலத்திலிருந்து கொம்தார் வந்து, கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரல் வரை சுமார் 29 கிலோமீட்டர். 2031 அதன் இலக்கு. தண்டவாளம் தீவிலிருந்து முதல்முறையாக இந்தக் கரைக்கு வரப்போகிறது. நான் அதை எதிர்க்கவில்லை. வரட்டும் என்றுதான் காத்திருக்கிறேன். ஆனால் அது பட்டர்வொர்த்தில் நின்றுவிடும். கெப்பாலா பத்தாஸிலிருந்து போகிறவருக்கு அந்த ரயில் பயணத்தின் முதல் படி, இங்கே லோங்காங்குக்கு மேலே சிமென்ட் பலகையில்தான் ஆரம்பிக்கும். ரயில் நிலையங்களின் வரைபடங்கள் பத்திரிகைகளில் அழகழகாக வருகின்றன. எங்கள் நிறுத்தத்தின் வரைபடத்தை நான்தான் அங்குல நாடாவை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் வரைந்திருக்கிறேன்.

அந்த வரைபடங்களில் ஒன்றைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு அம்மா கேட்டார், "இது எப்பப்பா ஓடும்?"

"2031னு சொல்றாங்கம்மா."

விரல் விட்டு எண்ணினார். "அப்ப எனக்கு எண்பத்தொண்ணு." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு மேல ஏற லிப்ட் இருக்கும்ல?"

"இருக்கும்மா. கண்டிப்பா இருக்கும்."

"அப்ப சரி. இங்கேருந்து பஸ்ல ஏத்திவிட மட்டும் நீ வந்துடு" என்று சொல்லிவிட்டு, நாடாவைச் சுருட்டித் தையல் பெட்டிக்குள் வைத்தார்.